பல் டாக்டரைப் பார்க்கும் வரை: கடும் பல்வலியைச் சமாளிக்க முழுமையான வழிகாட்டி

பல் டாக்டர் வியாழக்கிழமைதான் வரச் சொல்லியிருக்கிறார். இன்றைக்குத் திங்கள். ராத்திரி முழுக்க விண் விண்ணென்று தெறிக்கிறது, வலி காது வரை ஏறுகிறது, தலையணையில் தலை வைக்க முடியவில்லை. ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு நினைத்த நாளில் லீவு கிடைக்காது. சித்தேரி மலையிலோ அஞ்செட்டிப் பக்கமோ இருப்பவருக்கு டாக்டர் இருக்கும் ஊருக்கு வந்து போவதே ஒரு நாள் வேலை. இப்படி மாட்டிக்கொள்ளும் நாட்களை எப்படிக் கடத்துவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் பல் டாக்டர் இல்லை. பார்மசி படித்துவிட்டு தர்மபுரியில் மருந்துக் கடையில் நிற்பவன். அதனால் மாத்திரை விஷயத்தை விரிவாகவே சொல்கிறேன். அங்கேதான் தப்பும் அதிகம் நடக்கிறது.

முதல் படி: காத்திருக்கலாமா, கூடாதா?

மாத்திரையைத் தேடுவதற்கு முன்னால் கண்ணாடி முன் நின்று முகத்தைப் பாருங்கள். ஈறு லேசாகத் தடித்திருந்தால் பரவாயில்லை. கன்னம் வீங்கி அது கண்ணுக்குக் கீழே ஏறுகிறதா, அல்லது தாடைக்கு அடியில் இறங்கிக் கழுத்துப் பக்கம் பரவுகிறதா என்று பாருங்கள். வாயைத் திறந்து பாருங்கள். இரண்டு விரல் அளவுகூடத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது, நாக்குக்கு அடியில் கல்லு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது, குரல் மாறிவிட்டது, மூச்சு வாங்குகிறது, குளிர் காய்ச்சல் அடிக்கிறது என்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். கீழ்க் கடவாய்ப்பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது. இதற்கு உயிர் போயிருக்கிறது. 108-ஐக் கூப்பிடுங்கள், தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அவசரப் பிரிவுக்கு நாள் நேரம் பார்க்க வேண்டியதில்லை, பல் டாக்டர் அந்த நேரத்தில் இருப்பாரா என்று யோசிக்கவும் வேண்டாம். மூச்சையும் சீழையும் முதலில் அவர்கள் பார்ப்பார்கள், பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சர்க்கரை நோயாளிகள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் இன்னும் ஒரு படி முன்கூட்டியே போக வேண்டும். இவர்களுக்கு நேற்று சாதாரணமாக இருந்த வீக்கம் இன்று காலைக்குள் ஆளையே சாய்த்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கீழ்த்தாடை வலி எல்லாமே பல்வலி இல்லை. நடந்தாலோ படியேறினாலோ வலி கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது, கூடவே நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருக்கிறது என்றால் அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் பல்லைக் குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்; உடனே ஈ.சி.ஜி. எடுங்கள்.

இரண்டாம் படி: எந்த மாதிரி வலி?

இதைக் கவனித்து வைத்தால் டாக்டருக்கு வேலை பாதி குறையும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்று கூசி, சில நொடிகளில் அடங்கிவிட்டால் உள்ளே இருக்கும் நரம்பு இன்னும் தேறக்கூடிய நிலையில் இருக்கிறது. பெரும்பாலும் அடைத்தாலே போதும். காபி குடித்ததும் வலி கிளம்பி அரை மணி நேரம் விடாமல் நிற்கிறது, சும்மா இருக்கும்போதே வருகிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றால் நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது. வேர் சிகிச்சையோ பல்லை எடுப்பதோதான் வழி. சிலருக்கு இந்தக் கட்டத்தில் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்தால்தான் வலி நிற்கும். பாட்டிலும் கையுமாகவே திரிவார்கள். தண்ணீரில் நிம்மதி கிடைக்கும் வரை வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பல்லைக் கடித்தால் மட்டும் உயிர் போகிறது, அந்தப் பல் மட்டும் கொஞ்சம் உயர்ந்து நிற்பது போல இருக்கிறது என்றால் வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கலாம். கடைசிக் கடவாய்ப்பல்லுக்குப் பின்னால் ஈறு மூடி வீங்கியிருந்தால், பதினேழிலிருந்து இருபத்தைந்து வயதுக்காரர் என்றால், ஞானப்பல்லாக இருக்கும்.

மூன்றாம் படி: மாத்திரை

"பல்வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்றுதான் கடையில் கேட்பார்கள். செட்டு என்றால் நாலைந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து வெட்டி, ஒரு சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பது. எந்த மாத்திரை எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அதில் இரண்டு வலி மாத்திரை ஒரே வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம், ஒரு ஸ்டீராய்டு இருக்கலாம், பாதிக் கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் இருக்கலாம். சாப்பிட்ட ராத்திரி சுகமாகத்தான் இருக்கும். சர்க்கரை இருப்பவருக்கு அந்த ஸ்டீராய்டு சர்க்கரையைத் தூக்கிவிடும். வயிற்றுப்புண் இருப்பவருக்கு ரத்தம் கசியலாம். தயவுசெய்து செட்டு வாங்காதீர்கள். பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றும் தெரிகிற அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

வேறு உடல் கோளாறு இல்லாத பெரியவர்களுக்குப் பல்வலியில் நன்றாக வேலை செய்வது இரண்டு சாதாரண மருந்துகளின் கூட்டணிதான்: ஐபுபுரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி. முதலாவது வீக்கத்தையும் வலியையும் அந்த இடத்திலேயே குறைக்கிறது; இரண்டாவது வேறு வழியில் வலியை அடக்குகிறது. தனித்தனியாகச் சாப்பிடுவதைவிடச் சேர்த்துச் சாப்பிட்டால் பலன் கூடுதல். ஏதாவது சாப்பிட்டுவிட்டு இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். எட்டு மணி நேர இடைவெளியில் ஒரு நாளைக்கு மூன்று வேளை. டாக்டர் சொல்லாமல் ஐபுபுரோஃபென் ஒரு நாளில் 1200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. பாராசிட்டமால் 3 கிராமுக்குள் இருக்கட்டும். 4 கிராம் என்பது தாண்டவே கூடாத எல்லை, குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிட மிகக் குறைவு.

கணக்கு எங்கே தவறுகிறது தெரியுமா? காம்பிஃப்ளாம் ஒரு மாத்திரையிலேயே ஐபுபுரோஃபென் 400, பாராசிட்டமால் 325 இரண்டும் இருக்கின்றன. ஜீரோடால்-பி என்றால் அசிக்ளோஃபினாக் 100, பாராசிட்டமால் 325. காலையில் காம்பிஃப்ளாம், மதியம் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஜீரோடால், சாயந்திரம் டோலோ 650 (அதுவும் பாராசிட்டமால்தான்), ராத்திரி தாங்காமல் மறுபடி இரண்டு டோலோ என்று போட்டால், வேறு வேறு பெயரில் ஒரே மருந்தைத்தான் அடுக்குகிறோம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், கெட்டோரோலாக் எல்லாம் ஒரே குடும்பம். இதில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். கெட்டோரோலாக் பல்வலிக்கு வேகமாகக் கேட்கும், ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து. அதை ஐந்து நாளுக்கு மேல் நீட்டவே கூடாது.

வலி வந்த பிறகு மாத்திரை தேடுவது இன்னொரு தப்பு. முந்தைய வேளையின் வேகம் குறையும்போதே அடுத்த வேளை உள்ளே போயிருக்க வேண்டும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று போனில் அலாரம் வைத்துவிடுங்கள். இரவு பத்து மணி வேளை படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் போய்விடுவதால் முதல் தூக்கமாவது கிடைக்கும். மூன்று நாளுக்கு மேல் இப்படி ஓட்ட வேண்டியிருந்தால் டாக்டரிடம் போன் செய்து கேளுங்கள்.

ஐபுபுரோஃபென் வகை யாருக்கு ஆகாது? வயிற்றுப்புண் வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இதயம் பலவீனமானவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், வலி மாத்திரை போட்டால் மூச்சு இழுக்கும் ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பிணிகள். இவர்கள் பாராசிட்டமாலோடு மட்டும் நிறுத்திக்கொண்டு டாக்டரைக் கேட்க வேண்டும். பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர்களும் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்து இருந்தால், டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டையும் தொடாதீர்கள்.

குழந்தைகளுக்குப் பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். பாராசிட்டமால் சிரப் போதும். எடையில் ஒரு கிலோவுக்கு 15 மி.கி. என்பது கணக்கு. பாட்டிலில் 5 மில்லிக்கு 120 என்று ஒரு வகை, 250 என்று ஒரு வகை வருகிறது. 12 கிலோ குழந்தைக்கு 180 மி.கி. வேண்டும், முதல் வகையில் அது ஏழரை மில்லி, இரண்டாவதில் மூன்றரை மில்லிதான். பாட்டில் மாறினால் அளவும் மாறும் என்பதால் லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஆறு மணி நேர இடைவெளி. நிமெசுலைடு பன்னிரண்டு வயதுக்குக் கீழே கொடுக்க 2011-லேயே தடை வந்துவிட்டது. பழைய பாட்டில் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்குக் கூடாது.

அப்புறம் ஆன்டிபயாட்டிக். "அமாக்சிசிலின் ரெண்டு மட்டும் குடுங்க, போன தடவ அதுலதான் கேட்டுச்சு" என்பார்கள். பல்லுக்குள் நரம்பு வீங்கித் தெறிக்கும் வலியை ஆன்டிபயாட்டிக் குறைப்பதில்லை. கெட்டுப்போகும் நரம்புக்குள் ரத்த ஓட்டமே சரியாக இருக்காது, மருந்து அங்கே போய்ச் சேர்வதில்லை. முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, சீழ் பரவும்போதுதான் அது தேவை. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். அட்டையின் மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது என்றால் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று பொருள். இரண்டு மாத்திரையில் கிருமி சாகாது, அடுத்த தடவை அந்த மருந்துக்கே அடங்காமல் நிற்கும்.

நான்காம் படி: வாய்க்குள் என்ன செய்யலாம்

முதலில் சுத்தம். சொத்தைக் குழியில் சிக்கிய ஒரு பருப்புத்தோல், ஒரு கறி நார் போதும், வலியைக் கிளப்பிவிட. வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, வலிக்கும் பக்கமாகத் தலையைச் சாய்த்து அரை நிமிடம் வைத்திருந்து துப்புங்கள். ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் செய்யலாம். இடுக்கில் சிக்கியதை நூலால் மெதுவாக எடுங்கள். ஊசி, ஊக்கு, தென்னங்குச்சி எதுவும் உள்ளே போகக் கூடாது. பல் விளக்குவதை நிறுத்திவிடாதீர்கள், மெதுவான பிரஷ்ஷால் தொடருங்கள்.

கிராம்பு உண்மையிலேயே வேலை செய்யும். அதிலிருக்கும் யூஜினால் என்ற பொருளைப் பல் டாக்டர்களே தற்காலிக அடைப்பில் கலக்கிறார்கள். சின்னப் பஞ்சு உருண்டையில் கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு, அதிகம் போனால் இரண்டு. ஒத்தி எடுத்துவிட்டு, சொத்தைக் குழிக்குள் மட்டும் வையுங்கள். பத்து நிமிடம் கழித்து எடுத்துவிடுங்கள். ஈறில் வழிந்தால் வெந்துவிடும், எண்ணெயைத் திரும்பத் திரும்ப ஊற்றினால் வலிக்கு மேல் புண்ணும் சேரும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

வெளியே ஐஸ் ஒத்தடம். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கன்னத்தின் மேல் பதினைந்து நிமிடம், பிறகு அதே அளவு ஓய்வு. நம் ஊரில் உப்பை வறுத்துத் துணியில் கட்டிச் சூடு வைப்பார்கள். மூட்டு வலிக்கு அது சரி. சீழ் இருக்கும் கன்னத்துக்குச் சூடு வைத்தால் வீக்கம் கூடத்தான் செய்யும்.

அடைப்பு விழுந்துவிட்டால் அந்தப் பக்கம் மெல்லாமல் இருந்தால் போதும். கேப் கழன்றால் கழுவி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள், பசை போட்டு ஒட்ட முயல வேண்டாம். ஈறில் வந்த கொப்புளம் தானாக உடைந்து சீழ் வந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள், நீங்களாகக் குத்தாதீர்கள். வலி சட்டென்று குறையும். அது குணமானதாக அர்த்தம் இல்லை.

செய்யவே கூடாதவை

ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைத்தால் அமிலம் பட்டது போல் தோல் வெந்து வெள்ளையாக உரியும். எருக்கம்பாலைச் சொத்தையில் விடுவது இன்னும் மோசம். வாய் புண்ணாகும், கை தவறிக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம். ஹான்ஸ் புகையிலையை ஈறில் அடக்கினால் மரத்துப்போவது போல் இருக்கும். அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் புற்றுநோய் வார்டில் பார்க்கலாம். சாராயத்தில் கொப்பளித்து, கொஞ்சம் உள்ளேயும் தள்ளி, மேலே வலி மாத்திரையும் போடுவது வயிற்றையும் கல்லீரலையும் சேர்த்துக் கெடுக்கும்.

கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடித்துப் பல் பூச்சி எடுப்பதாகச் சொல்பவர்கள் இன்னும் சந்தைப் பக்கம் இருக்கிறார்கள். பல்லுக்குள் புழுவே இல்லை. சொத்தை என்பது இனிப்பையும் மாவையும் தின்று கிருமிகள் விடும் அமிலம் பல்லைக் கரைப்பது. தட்டில் காட்டப்படுவது உங்கள் பல்லிலிருந்து வந்தது இல்லை.

சாப்பாடும் தூக்கமும்

இந்த விஷயத்தில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ராகிக் களியை யாரும் மெல்வதில்லை. வெதுவெதுப்பாக ஆறவிட்டுச் சின்ன உருண்டையாகக் கிள்ளி, கீரைக் கடைசலில் தோய்த்து விழுங்கிவிடலாம். பல்லுக்கு வேலையே இல்லை, வயிறும் நிறையும், மாத்திரைக்கு முன்னால் வயிற்றில் இருக்க வேண்டியதும் இருந்துவிடும். கம்பங்கூழ், மோர் சாதம், இட்லி, குழைய வேகவைத்த பருப்பு எல்லாம் சரி. அதிகச் சூடு, அதிகக் குளிர்ச்சி, புளிக்குழம்பு, எலுமிச்சை, வெல்லம், முறுக்கு இவற்றை இந்த நாட்களில் ஒதுக்குங்கள். மாங்காய் சீசனில் உப்பு மிளகாய்த் தூளோடு ஒரு கீற்றைக் கடித்துவிட்டு ராத்திரி துடிப்பவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். சாப்பிடாமல் கிடப்பதும் கூடாது, வெறும் வயிற்றில் வலி மாத்திரை எரியும்.

படுத்தால் தலைக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் பல்லுக்குள் அழுத்தம் ஏறி வலி தெறிக்கிறது. இரண்டு மூன்று தலையணை வைத்து, சாய்ந்து உட்கார்ந்த நிலையிலேயே தூங்கப் பாருங்கள். வலிக்கும் பக்கம் கீழே வர வேண்டாம்.

தண்ணீர்க் கறையா, சொத்தையா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது தெரிந்ததுதான். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. பல ஊர் போர் தண்ணீர் அதைத் தாண்டியிருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்ததற்கும் இதுதான் காரணம். 2013-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களில் நிறையப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது.

இதனால் இங்கே ஒரு சிக்கல். கறையோடு வளர்ந்த கண்ணுக்குச் சொத்தையும் கறை மாதிரியே தெரிகிறது. "எங்க ஊரு தண்ணி அப்படி" என்று சொல்லியே வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர்க் கறை பெரும்பாலும் இடது வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பல பற்களில் பரவலாக இருக்கும், பொதுவாக வலிக்காது. ஒரே ஒரு பல்லில் கறுத்துக் குழி விழுந்து, சாப்பாடு மாட்டிக்கொண்டு, கூசினால் அது சொத்தை. கறையைப் போக்கச் செங்கல் தூள், கரி, உப்பு போட்டுத் தேய்த்தால் இருக்கும் எனாமலும் போய்க் கூச்சம் வரும். ஃப்ளோரைடு பாதித்த பல்லில் சில வகை அடைப்புகள் சரியாக ஒட்டாது. எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அப்பாயின்ட்மென்ட்டை முன்னால் நகர்த்துவது

"பல்லு வலிக்குதுங்க" என்று மட்டும் போனில் சொன்னால் வரிசைப்படிதான் தேதி கிடைக்கும். "ரெண்டு ராத்திரி தூங்கலங்க, வலது கீழ்ப் பல்லு, கடிச்சா தாங்கல, நேத்திலிருந்து கன்னம் வீங்குது, சர்க்கரை இருக்கு" என்று விவரமாகச் சொல்லுங்கள். யாராவது வராமல் போனால் கூப்பிடச் சொல்லுங்கள். முழு சிகிச்சைக்கு நேரம் இல்லாவிட்டாலும், பல்லைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றி மருந்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான கடும் வலிக்கு அது ஒன்றே விடிவு.

அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அப்பாயின்ட்மென்ட் தேவையில்லை. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தூரம் என்றால், உங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் பல் டாக்டர் எந்தெந்த நாள் இருக்கிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல்லை எடுக்கச் சொன்னால், காப்பாற்ற வழி இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். சேலத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பொதுவாக இப்படிப்பட்ட கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் சிகிச்சை செய்வார்கள், வெளியே ஆகும் செலவைவிடக் குறையும், நேரம் மட்டும் கூடுதலாகும்.

கர்ப்பிணிகளைப் பிரசவம் முடியட்டும் என்று வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். கர்ப்ப காலத்தில் பல் சிகிச்சை செய்யலாம், நடு மூன்று மாதங்கள் அதற்கு வசதியானவை. மரப்பு ஊசியும் போடலாம்.

"வீக்கம் வத்தட்டும், அப்புறம் போகலாம்" என்பதும் வேண்டாம். சீழ் இருக்கும் இடத்தில் மரப்பு ஊசி கொஞ்சம் சரியாகப் பிடிக்காது என்பது உண்மை. அதை எப்படிச் சமாளிப்பது என்று டாக்டருக்குத் தெரியும். மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று பயந்து வருபவர்கள் இன்றும் உண்டு. மேல் பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

போகும் நாள்

வெறும் வயிற்றில் போகாதீர்கள். ஊசி பயத்தோடு பசியும் சேர்ந்தால் நாற்காலியிலேயே மயக்கம் வரும். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வழக்கம்போல. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை, ஈகோஸ்பிரின் உட்பட, பல் எடுக்கப்போகிறோம் என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. அந்த நாட்களில் இதயத்துக்கு வரும் ஆபத்து பல்லில் வரும் ரத்தத்தைவிடப் பெரியது. இத்தனை நாள் சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த மருந்துக்கு உடம்பில் தடிப்பு வந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

இடையில் வலி சுத்தமாக நின்றுபோனாலும் போயே ஆக வேண்டும். துடித்துக்கொண்டிருந்த நரம்பு செத்துப்போனால் வலி நிற்கும்; சொத்தையும் கிருமியும் அங்கேயேதான் இருக்கும், சில வாரங்களிலோ மாதங்களிலோ சீழாகத் திரும்பி வரும். வேர் சிகிச்சை ஆரம்பித்தவர்களிலும் இதே கதை. முதல் தடவை திறந்து மருந்து வைத்ததும் வலி போய்விடுகிறது, மறு தேதிக்கு ஆளே போவதில்லை. உள்ளே வைத்திருப்பது தற்காலிக அடைப்பு, சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அதனால் முதல் தடவை டாக்டர் அறையிலிருந்து வெளியே வரும்போதே அடுத்த தேதியை வாங்கி, ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் அன்றைக்கே லீவும் சொல்லிவிடுங்கள்.